டர்பைன் கட்டுப்பாட்டில் ரிலே அவுட்புட் மாட்யூல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலும் அரூர் பக்கம் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுத்து, அதில் டர்பைன் சுற்றி மின்சாரம் எடுப்பது சர்க்கரை ஆலைகளின் வழக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலும் பர்கூரிலும் உள்ள சிப்காட் பக்கம், பேனல் கட்டுவோரும் பராமரிப்பு வேலை செய்வோரும் நிறையப் பேர். இவர்களிடமிருந்தும் ஐடிஐ முடித்துப் புதிதாக வேலைக்கு வந்தவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறோம்.

ரிலே அவுட்புட் மாட்யூல்னா என்னங்க? கன்ட்ரோலர்லயே அவுட்புட் இருக்கே, அதுல நேரா சோலனாய்டைக் கட்டினா ஆகாதா?

கன்ட்ரோலருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அவுட்புட் 24 வோல்ட்டில் அரை ஆம்பியர் வரை தாங்கினாலே அதிகம். டர்பைன் பக்கம் இருப்பதோ 110 வோல்ட் டிசி ட்ரிப் சோலனாய்டு (கோளாறு வந்தால் டர்பைனை நிறுத்தும், அதாவது 'ட்ரிப்' செய்யும், மின்காந்த வால்வு), 230 வோல்ட் ஏசியில் ஓடும் ஆயில் பம்ப்பின் கான்டாக்டர் (மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் பெரிய ஸ்விட்ச்), ஜெனரேட்டரைக் கிரிட்டிலிருந்து பிரிக்கும் பிரேக்கரின் ட்ரிப் காயில். இரண்டுக்கும் நடுவே நின்று, சின்ன மின்சாரத்தை வாங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுவதுதான் ரிலே மாட்யூலின் வேலை. சின்ன மின்சாரம் ரிலேயின் காயிலைக் காந்தமாக்கும், அது ஆர்மச்சர் என்ற இரும்புத் துண்டை இழுத்து காண்டாக்ட்டை அசைக்கும். இரு பக்கத்துக்கும் மின்தொடர்பு இல்லாததால் சோலனாய்டு பக்கம் மின்னல் அதிர்ச்சி வந்தாலும் கன்ட்ரோலர் பிழைக்க வாய்ப்பு உண்டு. சித்திரை மாத இடிமழையைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உதாரணத்துக்கு, நடுத்தர நீராவி டர்பைன்களில் அதிகம் காணப்படும் உட்வர்டு 505 கவர்னரில் (டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) எட்டு ரிலே அவுட்புட் உண்டு. இரண்டு ட்ரிப்புக்கும் அலாரத்துக்கும் ஒதுக்கப்பட்டவை, மற்ற ஆறும் நம் விருப்பப்படி. ஜிஇ மார்க் 6 டர்பைன் கட்டுப்பாட்டு அமைப்பின் டிஆர்எல்ஒய் பலகையில் 12 ரிலே. முதல் ஆறை ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் துண்டு) போட்டு, பலகையிலிருந்தே ஃபியூஸ் வழியாகச் சோலனாய்டுக்கு மின்சாரம் போகும்படி வைக்கலாம். ஜம்பரை எடுத்தால் வெறும் காண்டாக்ட். பலகையை மாற்றும்போது பழையதன் ஜம்பர் நிலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு அப்புறம் கழற்றுங்கள்.

என்ஓ, என்சி ரெண்டுல எதுல வயர் போடறதுன்னு குழப்பமாவே இருக்கு.

குழப்பம் 'நார்மல்' என்ற சொல்லால் வருகிறது. டர்பைன் ஓடுவதுதான் நார்மல் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ரிலேயைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தால் காண்டாக்ட் எப்படி இருக்கிறதோ அதுதான் நார்மல். மேஜைமேல் திறந்திருந்தால் என்ஓ (நார்மலி ஓபன்), மூடியிருந்தால் என்சி (நார்மலி குளோஸ்டு). மீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து ஒருமுறை தொட்டுப் பார்த்தால் வரைபடம் இல்லாமலே தெரியும்.

டர்பைன் மாதக்கணக்கில் ஓடும்போது ட்ரிப் ரிலேயின் என்ஓ காண்டாக்ட் முழு நேரமும் மூடியே இருக்கும். முரண்பாடாகத் தோன்றினாலும் அதுதான் சரி. ஏன் என்பது அடுத்த பதிலில்.

ட்ரிப் ரிலே எப்பவும் இழுத்துட்டு நிக்கணுமா, ட்ரிப் வரும்போது மட்டும் இழுத்தா போதுமா?

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு வயர் அறுந்தால் டர்பைன் என்ன செய்ய வேண்டும்? நிற்க வேண்டும் என்பது பதிலானால் ரிலே எப்போதும் இழுத்தபடி நிற்க வேண்டும். சோலனாய்டுக்கு மின்சாரம் இருக்கும்வரை ட்ரிப் ஆயில் அழுத்தம் நிற்கும். போனால் ஆயில் வடிந்து, நீராவியை அடைக்கும் ஸ்டாப் வால்வை ஸ்பிரிங் மூடிவிடும். வயர் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், 24 வோல்ட் சப்ளை படுத்தாலும், ரிலே காயில் எரிந்தாலும் டர்பைன் நின்றுவிடும். தேவையில்லாமல் சில முறை நிற்கும் என்பது உண்மைதான். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் போவதை நினைத்தால் அந்த நஷ்டம் பெரிதல்ல.

ஜெனரேட்டர் பிரேக்கரின் ட்ரிப் காயில் இதற்கு நேர்மாறு. அங்கே மின்சாரம் கொடுத்தால்தான் ட்ரிப். வயர் அறுந்திருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்தச் சுற்றுக்குத் தனியாகக் கண்காணிப்பு ரிலே வைக்கிறார்கள். இன்னொரு விஷயம்: ட்ரிப் காயிலின் மின்சாரத்தை அறுக்க வேண்டியது பிரேக்கரின் சொந்த துணைக் காண்டாக்ட்தான், உங்கள் மாட்யூல் ரிலே அல்ல. பிரேக்கர் சிக்கித் திறக்காமல் நின்றால் காயில் மின்சாரம் தொடர்ந்து ஓடும். அதை ரிலே அறுக்கப் போனால் காண்டாக்ட் கருகும்.

டர்பைன் ட்ரிப் ரிலேலயே பிரேக்கரையும் சேர்த்து தட்டி விட்டுடலாமா? ஒரு வேலை மிச்சம்.

எந்தக் கோளாறு என்பதைப் பொறுத்தது. ஜெனரேட்டருக்குள் மின்கோளாறு என்றால் இரண்டும் ஒன்றாகவே விழ வேண்டும். ஆயில் அழுத்தம் குறைந்தது, பேரிங் சூடானது போன்ற இயந்திரக் கோளாறுகளில் அவசரப்படாதீர்கள். ஸ்டாப் வால்வு முழுதாக மூடாமல் கசிந்தால், ஜெனரேட்டர் கிரிட்டோடு இணைந்திருப்பதுதான் டர்பைனைப் பிடித்து நிறுத்தும் கயிறு. கயிற்றை முதலில் அறுத்தால் வேகம் ஏறிவிடும். வால்வு மூடியதற்கான லிமிட் ஸ்விட்ச், அதன்பின் ரிவர்ஸ் பவர் ரிலே (ஜெனரேட்டர் மின்சாரம் தருவதை விட்டு கிரிட்டிலிருந்து இழுப்பதைக் காட்டுவது), இரண்டும் வந்த பிறகே பிரேக்கர் திறக்கும்படி வரிசை வைப்பார்கள். தயாரிப்பாளர் கொடுத்த திட்டத்தில் இந்த வரிசை இருந்தால் அதை மாற்றி வயர் போடவே கூடாது.

ரிலே மேல 10 ஆம்பியர்னு போட்டிருக்கு. என் சோலனாய்டு அரை ஆம்பியர்தான். அப்புறம் ஏன் காண்டாக்ட் ஒட்டிக்குது?

மறுபடியும் அந்த எழுத்தைப் படியுங்கள். '10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி, 10 ஆம்பியர் 30 வோல்ட் டிசி' என்று இருக்கும். 110 வோல்ட் டிசிக்கு எதுவும் இருக்காது. அதற்கு டேட்டா ஷீட்டில் உள்ள வளைகோட்டைப் பார்க்க வேண்டும். சாதாரண சின்ன ரிலேக்களில் 110 வோல்ட் டிசியில் 0.3 முதல் 0.5 ஆம்பியர்தான் கிடைக்கும். அதுவும் ஹீட்டர் மாதிரியான சுமைக்கு. சோலனாய்டு போன்ற காயில் சுமைக்கு இன்னும் குறைவு.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? காண்டாக்ட் திறக்கும்போது நடுவே தீப்பொறி பிடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஏசியில் மின்சாரம் விநாடிக்கு 100 தடவை சுழிக்கு வந்துபோவதால் பொறி தானே அணைந்துவிடும். டிசியில் சுழி என்பதே இல்லை. காண்டாக்ட் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். சோலனாய்டு தன் காந்தத்தில் சேர்த்து வைத்த சக்தி முழுவதையும் அந்த இடைவெளியில் கொட்டும். வெள்ளி உருகி ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் முளையுமாகி, ஒருநாள் இரண்டும் கோத்துக்கொள்ளும்.

தீர்வு மூன்று. 22 வாட் மாதிரியான சின்ன சோலனாய்டு என்றால் 110 வோல்ட்டில் 0.2 ஆம்பியர்தான். இரு முனை ரிலேயின் இரண்டு காண்டாக்ட்டையும் தொடராக இணைத்தால் இடைவெளி இரட்டிப்பாகும், அது போதும். உங்களுடையது போல 55 வாட், அதாவது அரை ஆம்பியர் என்றால், டிசி-13 (டிசி காயில் சுமைக்கானது) என்ற வகையில் 110 வோல்ட்டுக்கு மதிப்பு எழுதிய ரிலே வாங்குங்கள். காந்தம் வைத்துப் பொறியை ஊதி அணைக்கும் ரிலேக்கள் இந்த வேலைக்கென்றே உண்டு. மூன்றாவது, காயிலிலேயே பொறியடக்கி போடுவது. எப்படிப் பார்த்தாலும் இது வேண்டும்.

டயோடு போடுன்னாங்க. போட்டேன், ஃபியூஸ் போச்சு. எங்க தப்பு?

திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். டயோடில் வெள்ளிக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். மாறினால் நேரடி ஷார்ட். 110 வோல்ட் டிசிக்கு 1என்4007 போதும். பேனலில் அல்ல, சோலனாய்டின் டெர்மினலிலேயே போடுங்கள்.

ஆனால் ட்ரிப் சோலனாய்டுக்கு வெறும் டயோடு போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். டயோடு இருந்தால் ரிலே திறந்த பிறகும் காயில் மின்சாரம் டயோடு வழியே சுற்றிக்கொண்டே இருக்கும். சோலனாய்டு விடுபடும் நேரம் பல மடங்கு நீளும். ஓவர்ஸ்பீட் ட்ரிப்பில், அதாவது வேகம் எல்லை மீறும்போது நிறுத்துவதில், அந்த மில்லி விநாடிகள் முக்கியம். அங்கே 150 வோல்ட் ஏசி என்று குறித்த வேரிஸ்டரோ, டயோடோடு தொடராக ஒரு ஜீனரோ (இரண்டுமே வோல்ட் ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் கடத்துபவை) போட்டால் பொறியும் அடங்கும், வேகமும் கெடாது.

ஏசி காயிலுக்கு ஸ்னப்பர் போட்டோம். இப்ப ரிலே ஆஃப் ஆனாலும் லைட் மங்கலா எரியுது.

ஸ்னப்பரை (தடையும் கெபாசிட்டரும் தொடராகச் சேர்ந்த பொறியடக்கி) காண்டாக்ட்டின் குறுக்கே போட்டிருப்பீர்கள். 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 7 மில்லி ஆம்பியர் கசியும். எல்இடி விளக்கு எரிய அது போதும். சின்ன ரிலே காயிலை விழவிடாமல் பிடித்து வைக்கவும் சில சமயம் போதும், அதுதான் ஆபத்து. ஸ்னப்பரைக் காண்டாக்ட்டிலிருந்து எடுத்து காயிலின் குறுக்கே மாற்றுங்கள்.

ஸ்னப்பரே இல்லாமல் டிஜிட்டல் மீட்டர் 60, 90 வோல்ட் என்று காட்டினால், அது பக்கத்துக் கேபிளிலிருந்து தூண்டப்பட்ட போலி வோல்ட்டாக இருக்கலாம். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். எரியாவிட்டால் போலிதான்.

மாட்யூல்ல எல்இடி நல்லா எரியுது. சோலனாய்டு மட்டும் அசையலை. ரிலே நல்லாதானே இருக்கு?

எல்இடி காயிலுக்கு இணையாகக் கட்டியது. காயில் பக்கம் மின்சாரம் வந்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. காயிலே அறுந்திருந்தாலும் எல்இடி எரியும்.

முதலில் காமனுக்கும் (மின்சாரம் வந்து சேரும், காண்டாக்ட்டின் பொது முனை) நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 110 வோல்ட் வராவிட்டால் ஃபியூஸ். வந்தால், ரிலே இழுத்த நிலையில் காமனுக்கும் என்ஓவுக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே 110 வோல்ட் நின்றால் காண்டாக்ட் மூடவில்லை: ரிலே சாக்கெட்டில் சரியாக உட்காரவில்லை, பின் வளைந்திருக்கிறது, அல்லது காண்டாக்ட் கருகிவிட்டது. கிட்டத்தட்ட சுழி என்றால் மீட்டரை மில்லி வோல்ட்டுக்கு மாற்றுங்கள். புது ரிலேயின் காண்டாக்ட் தடை 100 மில்லி ஓமுக்குள் இருக்கும், 0.2 ஆம்பியர் ஓடும்போது 20 மில்லி வோல்ட்டுக்குள் வர வேண்டும். 100 மில்லி வோல்ட்டைத் தாண்டினால் இன்று வேலை செய்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. மில்லி வோல்ட்டும் சரி என்றால் கோளாறு கேபிளிலோ சோலனாய்டிலோ, மாட்யூலை விட்டுவிடலாம்.

சீசன் ஆரம்பிக்கும்போது மட்டும் டிசிஎஸ்ல ட்ரிப் சிக்னல் விட்டு விட்டு வருது. பத்து நாள் ஓடினா சரியாயிடுது.

அரவை இல்லாத மாதங்களில் அந்தக் காண்டாக்ட் ஒருமுறைகூட அசைந்திருக்காது. சர்க்கரை ஆலையில் கழிவுநீர்க் குட்டையிலிருந்தும் தேங்கிய பிரஸ் மட்டிலிருந்தும் (சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் சேறு) அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். வெள்ளிக் காண்டாக்ட்டின் மேல் அது கறுப்புப் படலமாகப் படியும். வீட்டு வெள்ளிக் கொலுசு கறுக்கிறதே, அதேதான்.

பெரிய மின்சாரம் ஓடும் காண்டாக்ட்டில் அந்தப் படலம் தானே எரிந்துபோகும். டிசிஎஸ் (ஆலையைக் கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பு) இன்புட்டோ 24 வோல்ட்டில் சில மில்லி ஆம்பியர்தான் இழுக்கும், படலத்தை உடைக்க அது போதாது. இம்மாதிரி சிக்னல்களுக்குத் தங்க முலாம் பூசிய காண்டாக்ட் உள்ள ரிலே போடுங்கள். அந்த ரிலேயை ஒரே ஒருமுறை சோலனாய்டுக்குப் பயன்படுத்திவிட்டாலும் முலாம் எரிந்துவிடும், பிறகு சிக்னலுக்கு உதவாது. எமரி தாள் போட்டுத் தேய்ப்பது வேண்டவே வேண்டாம்.

மதியானம் ட்ரிப் ஆனா ரீசெட் ஆகவே மாட்டேங்குது, ராத்திரி ஆகுது. ஓசூர்ல பேனல் டெஸ்ட் பண்ணப்ப ஒரு குறையும் இல்லை. மாட்யூல் போச்சா?

மாட்யூல் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர், குளிர்ந்த ஊர். 25 டிகிரியில் சோதித்த பேனல், அரூர் பக்கத்துச் சித்திரை வெயிலில் உள்ளே 60 டிகிரி காண்கிறது. செம்புக் கம்பியின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 35 டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 14 சதவீதம். குளிரில் 18 வோல்ட்டில் இழுத்த 24 வோல்ட் ரிலே, சூட்டில் இழுக்க 20.5 வோல்ட் கேட்கும்.

இனி வரும் வோல்ட்டைக் கணக்குப் போடுங்கள். 16 ரிலே, ஒவ்வொன்றும் 20 மில்லி ஆம்பியர், மொத்தம் 0.32 ஆம்பியர். சப்ளை 200 மீட்டர் தள்ளி இருந்து 1 சதுர மில்லிமீட்டர் கேபிளில் வந்தால் போய்வரும் 400 மீட்டருக்குத் தடை 7 ஓமுக்கு மேல், இழப்பு 2.3 வோல்ட். இரண்டு சப்ளையை இணைக்கும் டயோடில் இன்னொரு 0.7 வோல்ட். ரிலேக்கு வந்து சேர்வது 21 வோல்ட். அரை வோல்ட்தான் மிச்சம்.

ஓடும்போது ஏன் தெரிவதில்லை? ஒருமுறை இழுத்துவிட்ட ரிலே அதைவிட வெகு குறைந்த வோல்ட்டிலும் பிடித்து நிற்கும். விழுந்து மறுபடி இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் போடுங்கள், அல்லது சப்ளையைப் பேனலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பேனல் காற்றாடியின் ஃபில்டரில் சக்கைத் தூசி அடைத்திருக்கிறதா என்று அதற்கும் முன்னால் பாருங்கள்.

ட்ரிப்புக்கு மூணு ரிலே எதுக்கு? ரெண்டு போதாதா?

இரண்டைத் தொடராகக் கட்டினால் ஏதாவது ஒன்று சும்மா விழுந்தாலும் டர்பைன் நிற்கும். இணையாகக் கட்டினால் ஒன்று ஒட்டிக்கொண்டாலே டர்பைன் நிற்காது. மூன்று இருந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. ஒவ்வொரு ரிலேயிலும் இரண்டு என்ஓ காண்டாக்ட் எடுத்து, முதலாவதும் இரண்டாவதும் ஒரு வழி, இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு வழி, மூன்றாவதும் முதலாவதும் ஒரு வழி என்று மூன்று தொடர் வழிகளை இணையாகக் கட்டுவார்கள். ஒரு ரிலே விழுந்தால் ஒரு வழி மிஞ்சும், டர்பைன் ஓடும். இரண்டு விழுந்தால் எல்லா வழியும் போகும். ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் மற்ற இரண்டும் விழுந்தால் ட்ரிப் ஆகும். காகிதத்தில் வரைந்து பாருங்கள், மனதில் நிற்கும்.

இரண்டு எச்சரிக்கை. மூன்று ரிலேக்கும் ஒரே ஃபியூஸ் என்றால் அது மூன்று அல்ல, ஒன்று. அடுத்து, ஒரு காண்டாக்ட் ஒட்டியிருந்தால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஓட்டத்திலேயே ஒவ்வொரு ரிலேயாகத் தனித்தனியே விழவைத்துச் சோதிக்கும் வசதி இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தவும் வேண்டும்.

அப்ப ரிலேயே வேண்டாம், எஸ்எஸ்ஆர் போட்டுடலாமே?

ட்ரிப்புக்கு வேண்டாம். எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் காண்டாக்ட் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) கெட்டுப்போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் போகும், அதாவது நிறுத்த வேண்டியது நிறுத்தாது. ஆஃபில் கசிவும் உண்டு. அடிக்கடி ஆன் ஆஃப் ஆகும் ஹீட்டருக்கு அது அருமையான பொருள்.

110 வோல்ட் டிசியில எர்த் ஃபால்ட் அலாரம் வந்துட்டே இருக்கு. டர்பைன் நல்லாதான் ஓடுது. சீசன் முடிஞ்சு பாக்கலாமா?

கூடாது. நன்றாக இருக்கும் பேட்டரி அமைப்பில் பாசிட்டிவிலிருந்து எர்த்துக்கு 55 வோல்ட், நெகட்டிவிலிருந்தும் 55 வோல்ட் என்று சமமாக இருக்கும். பாசிட்டிவ் எங்கோ எர்த்தைத் தொட்டால் அந்தப் பக்கம் சுழி, மறுபக்கம் 110. இதுவரை ஒன்றும் ஆகாது. இரண்டாவது தொடுதல் ரிலேக்கும் சோலனாய்டுக்கும் நடுவே உள்ள வயரில் வந்தால், எர்த் வழியாகவே சோலனாய்டுக்கு மின்சாரம் போகும். ரிலே திறந்தாலும் டர்பைன் நிற்காது. மூன்றாம் பதிலில் சொன்ன பாதுகாப்பு முழுவதும் அங்கே வீணாகிவிடும்.

அதனால்தான் ட்ரிப் சோலனாய்டின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ரிலே அறுக்கும்படி கட்டச் சொல்கிறோம். அலாரம் வந்தால் முதலில் நீராவி கசியும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். கிளாண்ட் தளர்ந்து உள்ளே ஈரம் கோத்திருப்பதே பெரும்பாலும் காரணம்.

கேபிளுக்கு மெக்கர் அடிக்கலாமா?

மாட்யூல் பக்கம் டெர்மினலைக் கழற்றிவிட்டு, சோலனாய்டு முனையில் உள்ள டயோடையும் வேரிஸ்டரையும் விடுவித்துவிட்டு, கேபிளுக்கு மட்டும் 500 வோல்ட்டில் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) அடிக்கலாம். மாட்யூலோடு சேர்த்து அடித்தால் உள்ளே உள்ள எலக்ட்ரானிக்ஸ் போய்விடும்.

டர்பைன் ஓடும்போதே ரிலேயை மாத்தலாமா? ஒரு வயரைப் போட்டு காண்டாக்ட்டை ஷார்ட் பண்ணிட்டு மாத்தறாங்களே.

தனி ரிலேயாக இருந்தால் உருவியதும் ட்ரிப் ஆகும். மூன்று ரிலே அமைப்பில், மற்ற இரண்டும் இழுத்திருப்பதை உறுதி செய்துகொண்டு ஒன்றை மட்டும் மாற்றலாம். ட்ரிப் காண்டாக்ட்டின் குறுக்கே வயர் போடுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் லோடு போனால் டர்பைனுக்குப் பிரேக் இல்லை. அதைவிட மோசம், ஷிஃப்ட் மாறும் அவசரத்தில் அந்த வயர் அங்கேயே தங்கிவிடுவது.

ஸ்பேர் எத்தனை வைக்கணும்? பெங்களூர் எஸ்.பி. ரோடுல வாங்கினா நம்பலாமா?

பத்துக்கு ஒன்று, எந்த வகையானாலும் குறைந்தது மூன்று. எங்கே வாங்கினாலும் காயில் தடையை மீட்டரில் அளந்து டேட்டா ஷீட்டோடு ஒப்பிடுங்கள். 24 வோல்ட் டிசி, அரை வாட் காயில் என்றால் 1150 ஓம் பக்கம் வரும். 0.9 வாட் என்றால் 640 ஓம். கிட்டத்தட்ட நூறு, இருநூறு ஓம் காட்டினால் அது 24 வோல்ட் ஏசி காயிலாக இருக்கலாம். டிசியில் போட்டால் சூடேறி எரியும். வெளித்தோற்றம், பின் அமைப்பு எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. பின்களில் ஏற்கெனவே சாக்கெட்டில் செருகிய கீறல் தெரிந்தால் வாங்காதீர்கள்.

ட்ரிப் பட்டனை அமுக்கினா 'டக்'னு சத்தம் வருது. டெஸ்ட் ஓகேன்னு எழுதிடலாமா?

சத்தம் ஆர்மச்சர் விழுந்ததைச் சொல்கிறது. காண்டாக்ட் திறந்ததா, சோலனாய்டு விட்டதா, ஆயில் வடிந்ததா, வால்வு மூடியதா என்பதைச் சொல்லாது. இரு முனை ரிலேயில் ஒரு முனை ஒட்டியிருந்தாலும் ஏதோ ஒரு சத்தம் வரத்தான் செய்யும்.

அரவை தொடங்கும் முன் இப்படிச் செய்யுங்கள். மெயின் நீராவி வால்வை மூடி, அது கசியவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஆயில் பம்ப்பை ஓட்டி, ரீசெட் செய்து, ஸ்டாப் வால்வைத் திறந்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே வரவழையுங்கள்: அவசர பட்டன், ஆயில் அழுத்த ஸ்விட்ச், அதிர்வு மானிட்டர், கவர்னரின் ட்ரிப், தனி ஓவர்ஸ்பீட் சாதனம். ஓவர்ஸ்பீட் சாதனம் கவர்னரிலிருந்து தனியாக இருக்க வேண்டும் என்று இயந்திரப் பாதுகாப்புக்கான ஏபிஐ 670 தரநிலை சொல்கிறது. அதன் ரிலேக்களையும் சிக்னல் ஜெனரேட்டர் வைத்து ஒவ்வொன்றாக விழவையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் வால்வுக்குப் பக்கத்தில் நின்று முழுதாக மூடியதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ரிலே விழுந்ததிலிருந்து வால்வின் லிமிட் ஸ்விட்ச் வரும்வரை எத்தனை மில்லி விநாடி என்பது நிகழ்வுப் பதிவில் இருக்கும். அதைத் தேதியோடு பதிவேட்டில் எழுதி, போன வருட எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். எண் ஏறியிருந்தால் யாராவது சோலனாய்டில் வெறும் டயோடு போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கோளாறு சோலனாய்டின் ஆயில் வழியிலோ வால்வின் தண்டிலோ இருக்கிறது, நீராவியைத் திறப்பதற்கு முன்பே அதைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.